ஆறு மணி என்று போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை எங்கள் ஏரியைச் சுத்தம் செய்யும் குழுவைப் பற்றிச் செய்தி போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில், 'பொழுது போகாத ஓய்வூதியர்களுக்கு இந்தத் தொண்டு நல்ல மருந்து; ரத்த அழுத்தம் குறைகிறது' என்று ஒரு வரி. எனக்குப் பொழுது போகவில்லை என்று உங்கள் நிருபரிடம் யார் சொன்னது?

முட்டி வலி இல்லாதவன்தான் சேற்றில் இறங்க வருவான். வலிக்கிறவன் வீட்டில் படுத்திருப்பான். வந்தவனை மட்டும் எண்ணிவிட்டு, ஏரிக்கு வந்ததால் வலி போய்விட்டது என்றால் அது என்ன கணக்கு? நான் ஏழு வருஷமாக வருகிறேன். பிரஷர் மாத்திரை ஒன்று, இரண்டாகியிருக்கிறது.

அப்புறம், நாங்கள் அள்ளிய ஆகாயத்தாமரை 'எட்டு டிராக்டர் லோடு' என்று அதே செய்தியில் ஒரு கணக்கு. சாக்கடை கலந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. சாக்கடை கூடினால் லோடு கூடும், உங்கள் கணக்கில் எங்கள் சேவையும் கூடும். நாளைக்கே சாக்கடை நின்றுவிட்டால் நாங்கள் உதவாக்கரைகள்! மூக்கனேரியில் 2010 முதல் தூர் மண்ணைத் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்களே, அங்கே போய் லோடா எண்ணுவீர்கள்? மரத்தில் அடைகிற பறவையைத்தானே பார்ப்பீர்கள்.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொண்டு வேலையை அளக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-லேயே ஒரு கையேடு போட்டிருக்கிறது. அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலியோ, அதை வைத்து மதிப்புப் போடுவது அதில் உள்ள வழி. சரி, இருக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் என்று உண்டு. என் மகன் கல்லூரியில் அந்த நோட்டில் கையெழுத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட ஆள் கிடைத்தால் மணி நேரம் தானாக ஓடும்.

முந்தைய வருஷம் ஏற்காடு மலைப்பாதையில் ஒரு நிறுவனத்தார் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு மரக்கன்று நட்டதைப் பாதிப் பக்கத்துக்குப் போட்டீர்கள். சித்திரையில் நான் பஸ்ஸை விட்டிறங்கிப் பார்த்தேன். சணல் கட்டிய குச்சிகள் நின்றன. பெயர்ப் பலகை மட்டும் புதுசாக இருந்தது. அதை எழுதி அனுப்பினேன். தங்களுக்கு இடப் பற்றாக்குறை போலும்.

எங்கள் குழுவில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் இருக்கிறார். கொலுசுக்குக் கண்ணி கோத்த விரல். வேரை அறுக்காமல் முழுசாக உருவுவார். மனைவி தவறிய பிறகுதான் வர ஆரம்பித்தார். இரண்டு மாதம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஞாயிறு, "டீயில சர்க்கரையே இல்லையே" என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் இரண்டாவது டீ குடித்தோம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார் உங்கள் நிருபர்?

ஒன்றே ஒன்று செய்யுங்கள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் எங்கள் நேரத்தைக் காலை 8 என்று மூன்று வருஷமாகப் போடுகிறீர்கள். 6 மணி. எட்டு மணிக்கு வருகிறவர்கள் நாங்கள் கால் கழுவுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். உங்கள் நிருபரும் அப்படி வந்தவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.