தின்னரில் கலப்படமில்லை: பாலக்கரை பெயிண்ட் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். எனக்கே பதினோரு பேர் அனுப்பி, "என்னண்ணே இது?" என்று கேட்டார்கள். பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சைடு பேனல் ஒன்று, துணி பட்ட இடமெல்லாம் குழைந்துபோய், விரலை வைத்து எடுத்தால் நூல் நூலாக இழுபடுகிறது. "பாலக்கரையில் வாங்கின தின்னர், சுத்தக் கலப்படம்" என்று பின்னால் ஒரு குரல்.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கூட்ட நேரத்தில் காக்க வைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கலப்படம் என்ற சொல்லை மட்டும் அப்படி விட முடியவில்லை. அப்பா இந்தக் கடையை 1988-ல் ஒரே ஒரு அலமாரியோடு தொடங்கினார். தின்னர் டப்பா சீல் உடைந்திருந்தால் அதை விற்க மாட்டார், கடைக்குள்ளேயே ஸ்பிரே கன் கழுவ வைத்துக்கொள்வார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

நடந்தது இதுதான். அந்த வண்டியை வைத்திருக்கும் தம்பி ஒரு லிட்டர் என்.சி. தின்னர், அதாவது லாக்கர் பெயிண்டை இளக்கவும் கரைக்கவும் பயன்படும் திரவம், வாங்கினார். வீட்டில் முதலில் டேங்கைத் துடைத்திருக்கிறார். டேங்க் இரும்பு, பழைய லாக்கர் பெயிண்ட் அழகாக வந்துவிட்டது. அதே துணியோடு சைடு பேனலுக்குப் போயிருக்கிறார். பேனல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். என்.சி. தின்னரில் டொலுவீன், அசிடேட், அசிட்டோன் வகைகள் கலந்திருக்கும். பெயிண்டைக் கரைக்கும் அதே சரக்கு ஏ.பி.எஸ்.ஸையும் கரைக்கும். தின்னர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு சீக்கிரம் கரைக்கும். அந்தத் தம்பி மீதித் தின்னரைக் கொண்டுவந்தபோது, கடை வாசலில் நாலைந்து பேர் முன்னால் உடைந்த பேனல் துண்டு ஒன்றில் அதை ஊற்றிக் காட்டினேன். பக்கத்திலேயே சீல் உடைக்காத வேறு கம்பெனி டப்பாவைத் திறந்து இன்னொரு துண்டில் ஊற்றினேன். இரண்டு துண்டும் ஒரே மாதிரி பிசுபிசுத்தன. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

எங்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. டேங்குக்கா, பேனலுக்கா என்று நம்ம பையன் கேட்டிருக்க வேண்டும். அன்று கூட்டம், கேட்காமல் கொடுத்துவிட்டான். அதற்கு நான் வருந்துகிறேன். இனிமேல் கேட்காமல் தின்னர் கைமாறாது.

வீட்டில் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேனலில் பழைய பெயிண்டை முழுசாக எடுக்கவே வேண்டாம். கெட்டியாகப் பிடித்திருக்கிற கம்பெனி பெயிண்டைவிட நல்ல அடித்தளம் வேறு கிடையாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, பாலிஷ் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகப் போக்குங்கள். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி உரியுங்கள். பெயிண்ட் உரிந்த இடத்து ஓரத்தை மட்டும் 320 நம்பர் வாட்டர் பேப்பரால் சரிவாக இழைத்து, அப்புறம் பேனல் முழுக்கத் தண்ணீர் விட்டு 600 போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் பழைய பெயிண்ட் எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் பிரைமருக்கு (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேலும் அந்தக் கோடு எழும்பி நிற்கும்.

பேனலைக் கழற்றினதும் உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்தில் ஏ.பி.எஸ். அல்லது பி.பி. என்று அச்சில் வார்த்திருப்பார்கள். பி.பி. (பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக்) என்றால் நேராகச் சாதாப் பிரைமர் அடிக்காதீர்கள். தின்னர் அதைக் கரைக்காது, ஆனால் பெயிண்டும் அதில் பிடிக்காது, ஆறே மாதத்தில் ஏடு ஏடாக வரும். அதற்குத் தனியாக பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது, மெல்லிசாக ஒரு கை போதும். பெயிண்ட் ரிமூவர் இரும்புக்குத்தான், பிளாஸ்டிக்குக்கு ஆகாது. உடனே கரையாவிட்டாலும் ஸ்குரூ துளை ஓரத்திலும் லாக் பக்கத்திலும் மயிரிழை விரிசல் விட்டு, பிறகு மாட்டும்போது ஒடியும்.

ஸ்பிரே டப்பாவை 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஒரே கையில் மூடப் பார்த்தால் வழியும். இப்போது ஐப்பசி மழை, ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளை படரும். மழை விட்டு நல்ல வெயில் வரும் நாள்வரை பொறுங்கள், ஆனால் பேனலை மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் காய விடுங்கள். கடைசியாகப் பளபளப்புக்கு ஹார்டனர் கலந்த கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பவர்கள் துணி மாஸ்க்கை நம்ப வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லையென்றால் அந்த வேலையைப் பெயிண்டரிடமே கொடுத்துவிடுங்கள். நிறத்தையே மாற்றுகிறவர்கள், ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருப்பதை நினைவில் வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோ வந்த அன்றே கடைக்கு வந்து, "நாங்கள் இருக்கிறோம், கவலைப்படாதீங்க" என்று சொன்ன மெக்கானிக் நண்பர்களை மறக்க மாட்டேன். ஒருவர் எதுவும் பேசாமல் வழக்கமாக வாங்குவதைப் போல இரண்டு மடங்கு பிரைமர் வாங்கிப்போனார். அப்பா காலத்திலிருந்து வருகிற பெரியவர் ஒருவர், ஒரு மணி நேரம் கடை முன்னால் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் எனக்காகப் பேசினார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நம்ம பெயிண்டர் மாஸ்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் பொங்கல் வரை பெயிண்ட் அடிக்கும் வேலை எடுக்கவில்லை, கலர் மிக்ஸிங்கும் இனி 250 மில்லியிலிருந்துதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அப்பாவின் வண்டி அது. 1996-லேயே அந்த மாடல் நின்றுபோன பிறகு, ஒரிஜினல் பேனல் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். பழைய இரும்புக் கடைகளில் சொல்லிவைத்து ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. போன சனிக்கிழமை கடைப் பின்கட்டில் அவரே உட்கார்ந்து 600 போட்டு முடித்தார். பிரைமர் ஏறிவிட்டது. மழை விட்டதும் கறுப்பு அடிக்க வருகிறார்.

உங்கள் பேனலில் சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் கழற்றிக் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்ல ஒன்றும் வாங்க மாட்டேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
பாலக்கரை, திருச்சி