தண்ணீர் படாமல் போன பிள்ளைகளுக்காக ஒரு மடல்

அன்புள்ள பங்குத்தந்தையருக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

என் அம்மா உயிரோடு இருந்தவரை, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இரண்டு கட்டு மெழுகுவத்தி வாங்குவார். ஒரு கட்டு தாத்தா, பாட்டி, அப்பா கல்லறைகளுக்கு. இன்னொரு கட்டைப் பிரித்து ஒரே ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு மதில் சுவருக்கு வெளியே போவார். வேலிக்கருவை மண்டிய ஒரு மூலை அது. அங்கே ஏற்றி வைத்து, காற்றுக்கு முந்தானையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "உனக்கு மூத்தவன் இங்கதான் இருக்கான்" என்று எனக்கு விவரம் தெரிந்த வயதில் சொன்னார்.

1966-ல் வீட்டிலேயே பிறந்த குழந்தை. அரை மணி நேரம்கூடத் தங்கவில்லை. அந்தப் பதற்றத்தில் தலையில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்றார்கள். அப்பாவும் சித்தப்பாவும் இருட்டின பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் உபதேசியார் வந்து அம்மாவிடம் விளக்கம் சொன்னார். பிள்ளை நரகத்துக்குப் போகாது, மோட்சத்துக்கும் போகாது, லிம்போ என்ற இடத்தில் வேதனை இல்லாமல் இருக்கும், ஆண்டவர் முகத்தை மட்டும் ஒருநாளும் பார்க்காது. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா அதை ஐம்பது வருடம் சுமந்தார். "நான் மோட்சத்துக்கே போனாலும் அவனைப் பார்க்க முடியாதாமே" என்பார்.

அந்த உபதேசியாரை நான் குறை சொல்லமாட்டேன். அன்று இருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அவர் கையில் இருந்ததைச் சொன்னார். இந்த மடலை எழுத வைத்தது வேறு. போன வருடம் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. மூன்றாம் நாள் செபம் சொல்ல வந்தவர்களில் ஒருவர், எல்லார் முன்னிலையிலும், "தண்ணியாவது ஊத்தினீங்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. என் அம்மா முகத்தில் பார்த்த அதே பார்வையை அவள் முகத்தில் பார்த்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் திருச்சபை சொன்னது நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

லிம்போ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார், பெலாஜியு என்ற துறவியின் ஆட்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். குழந்தைகளிடம் பிறப்புநிலைப் பாவம், அதாவது ஆதாமிடமிருந்து பிறப்போடு வரும் பாவம், எதுவும் இல்லை என்றது அந்தப் பக்கம். அப்படியானால் மீட்பர் எதற்கு என்று கேட்டது இந்தப் பக்கம். "ஒருவர் தண்ணீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி இறையாட்சிக்கு உட்பட இயலாது" என்ற யோவான் நற்செய்தி வசனத்தைப் பிடித்துக்கொண்டு, திருமுழுக்கில்லாத குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் இருப்பதிலேயே மிக லேசானது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த முடிவு அவருக்கே தொண்டையில் சிக்கியது. குழந்தைகளின் தண்டனை என்று வரும்போது பெரும் நெருக்கடியில் மாட்டிக்கொள்கிறேன், என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்று புனித ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பின்னால் வந்த இறையியலாளர்கள் அந்தத் தண்டனையிலிருந்து வேதனையைக் கழற்றினார்கள். 13-ஆம் நூற்றாண்டில், இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் காலத்தில், அது இயல்பான மகிழ்ச்சி உள்ள, கடவுளின் காட்சி மட்டும் இல்லாத இடம் என்றாகிவிட்டது. இரக்கப்பட்டுக் கண்டுபிடித்த இடம்தான் லிம்போ. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்லும்போது அது இரக்கமாகப் போய்ச் சேரவில்லை.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் மாநிலத்தில் ஓபர்பியூரன் என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு மாதா திருத்தலம் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைத் தூரதூரத்திலிருந்து அங்கே கொண்டுவருவார்கள். தணல்களுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே அந்தச் சின்ன உடம்பைச் சூடாக்கி, உதட்டின் மேல் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் திரும்பிவிட்டது என்று உடனே திருமுழுக்குக் கொடுத்துப் புனித மண்ணில் அடக்கம் செய்வார்கள். கான்ஸ்டன்ஸ் ஆயர் இது மூடநம்பிக்கை என்று 1486-ல் ரோமுக்கு முறையிட்டார். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வந்திருந்தார்கள். நம் காலத்தில் அகழாய்வு செய்தவர்கள் ஏறக்குறைய 250 பச்சிளங்குழந்தைகளின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அந்த இறகைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி நின்ற தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அயர்லாந்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் புதைத்த இடங்களுக்குக் கில்லீன் என்று பெயர். வயல் ஓரம், கடற்கரை, இடிந்த கோட்டை என்று ஆயிரத்துக்கும் மேல் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பொழுது சாய்ந்த பிறகு அப்பாக்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். என் அப்பாவைப் போலவே.

திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. 1970-ல் வந்த திருப்பலி நூலிலேயே, திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கான அடக்கத் திருப்பலி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1183-ஆம் எண், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்கு முன்பே குழந்தை இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்கிறது. 1992-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1261-ல், இந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. லிம்போ என்ற சொல்லே அங்கே இல்லை. "சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள். அவர்களைத் தடுக்காதீர்கள்" என்று ஆண்டவர் சொன்னதைத்தான் அது எடுத்துக்காட்டுகிறது. சற்று முன்னால், 1257-ல், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவரே திருமுழுக்கு போன்ற தம் அருளடையாளங்களுக்குள் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. மறைக்கல்வி வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறையாவது வாய்விட்டு வாசியுங்கள்.

அதற்கும் பிறகு, 2007 ஏப்ரலில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பு பற்றிய எதிர்நோக்கு என்பதே அதன் பொருள். லிம்போ ஒருபோதும் திருச்சபை வரையறுத்த விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை, அது மீட்பை அளவுக்கு மீறிக் குறுக்கிப் பார்க்கும் கருத்து, இக்குழந்தைகள் மீட்கப்பட்டு இறைக்காட்சியை அடைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்கிறது.

எதிர்நோக்கு என்றுதான் சொல்கிறது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. லிம்போவை ஒரு கருத்தாக வைத்திருக்க யாருக்கும் தடையும் போடவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு கருத்தை ஒருவர் தன் மனதில் வைத்துக்கொள்வது வேறு, பால் கட்டி நெஞ்சு வலியோடு படுத்திருக்கும் தாயிடம் அதைத் திருச்சபையின் தீர்ப்பு போலச் சொல்வது வேறு.

"அப்படியென்றால் திருமுழுக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பதை நர்ஸ்களுக்கும் பாட்டிமார்களுக்கும் தொடர்ந்து சொல்லிக்கொடுங்கள். நானும் என் பிள்ளைகளுக்குப் பிறந்த மாதமே திருமுழுக்குக் கொடுத்தேன். கையில் கிடைத்த அருளை நாம் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நமக்குக் கிடைக்காமல் போன இடத்தில் கடவுளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று யார் நமக்குச் சொன்னது? டிசம்பர் 28 அன்று நாம் மாசில்லாக் குழந்தைகளுக்கு விழா எடுக்கிறோம். ஏரோதின் வாளுக்கு இரையான அந்தப் பெத்லகேம் பிள்ளைகளில் ஒருவர்கூடத் திருமுழுக்குத் தண்ணீரைக் கண்டதில்லை. அவர்களைப் புனிதர்கள் என்கிறோம். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. "நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்" என்ற வார்த்தைதான் கிடைத்தது. பேரரசர் இரண்டாம் வாலன்டினியன் 392-ல் திருமுழுக்குக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த நிலையிலேயே இறந்தபோது, புனித அம்புரோசியார் அவர் சகோதரிகளிடம், அவர் ஆசைப்பட்டது அவருக்குக் கிடைத்தது என்று அடக்க உரையில் ஆறுதல் சொன்னார். பச்சைக் குழந்தை தானாக ஆசைப்பட முடியாது, உண்மைதான். ஆனால் ஞானப் பெற்றோர் யார், என்ன பெயர் வைப்பது என்று எட்டு மாதம் பேசிப் பேசிக் காத்திருந்த ஒரு வீட்டின் ஆசை கணக்கில் வராதா? ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது, பெற்றோரின், திருச்சபையின் விசுவாசத்தில்தானே கொடுக்கிறோம்?

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. துக்க வீட்டில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்காதீர்கள். ஊற்ற முடியாமல் போனதை அவள் தினமும் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இறந்து பிறந்த குழந்தைக்கும் அடக்கச் சடங்கு கேட்கலாம் என்று பங்கு அறிவிப்பில் சொல்லுங்கள், ஏனென்றால் பலருக்கு அது தெரியவே தெரியாது, மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆயரிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். தாவீது அரசரும் குழந்தையைப் பறிகொடுத்தவர்தான். நோயுற்ற பிள்ளை ஏழாம் நாள் இறந்ததும் அவர் எழுந்து குளித்து, ஆண்டவரின் இல்லத்துக்குப் போனார். அவன் என்னிடம் திரும்பி வரமாட்டான், நான்தான் அவனிடம் போவேன் என்றார். அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் மதிலைச் சென்ற ஆண்டு தள்ளிக் கட்டினார்கள். வேலிக்கருவையை வெட்டிச் சுத்தம் செய்ததில் அந்த மூலை இப்போது சுவருக்கு உள்ளே வந்துவிட்டது. அந்த மண்ணில் எங்கள் மூத்தவன் மட்டும் இல்லை, இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று ஊரில் வயதான பெண்களைக் கேட்டால் தெரியும். வருகிற நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும்போது, சாமி, தயவுசெய்து அந்த மூலைக்கும் வாருங்கள். தீர்த்தம் தெளியுங்கள். அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா மூத்தவன் என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயரைச் சொன்னால் போதும். மெழுகுவத்தியோடு நான் அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் மகள் ஒருத்தி