செயலாளரின் ஆண்டறிக்கை – 2024
யஸீதி சமூகச் சங்கம், பஷிக்கா, பஹ்சானி (வடக்கு ஈராக்)

மதிப்பிற்குரிய குருமார்களான ஷேக்குகளே, பீர்களே, சமயப் பாடகர்களான கவ்வால்களே, இரண்டு ஊர்களின் உறுப்பினர்களே, வணக்கம்.

2014 ஆகஸ்டில் ஐ.எஸ். படைக்கு அஞ்சி நாம் வீடுகளைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. 2016 நவம்பரில் ஊர் மீண்டபோது இருபதுக்கும் மேற்பட்ட புனிதத் தலங்கள் தகர்ந்து கிடந்தன; ஆலிவ் தோப்புகள் பல எரிந்து போயிருந்தன. இன்று வெள்ளைக் கூம்புக் கோபுரங்கள் மீண்டும் எழுந்து நிற்கின்றன. நன்கொடை தந்தும் கல் சுமந்தும் அவற்றை எழுப்பிய ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் நன்றி.

ஏப்ரல் 17 அன்று சிவப்புப் புதன் சிறப்பாக நடந்தது. முட்டைகளுக்குச் சாயமிட்டு, வாசல்களில் சிவப்பு மலர்களைப் பதித்துப் புத்தாண்டை வரவேற்றோம். தொடர்ந்து புனிதத் தலங்களில் நடந்த தவாஃப் விழாக்களுக்கு வெளிநாட்டு உறவினர்களும் வந்திருந்தார்கள்.

நிர்வாகக் குழு அதிக நேரம் பேசியது கவ்வால்களைப் பற்றித்தான். தஃப் பறையும் ஷிபாப் குழலும் ஒலிக்க, நம் சமயப் பாடல்களை நம் தலையாய புனிதத் தலமான லாலிஷிலும் ஊர் ஊராகவும் பாடிவரும் பரம்பரை இந்த இரண்டு ஊர்களில்தான் வேரூன்றியது. மயில் உருவான சஞ்சக் என்னும் புனிதச் சின்னத்தை ஏந்தி அவர்கள் ஒரு காலத்தில் அலெப்போ வரை, ரஷ்ய எல்லை கடந்தும் சென்றார்கள். இன்று மூத்தவர்கள் தளர்ந்துவிட்டார்கள். பல குடும்பங்கள் ஜெர்மனியில் இருக்கின்றன. நம் வீடுகளில் பேசுவது அரபி, பாடல்களோ குர்மாஞ்சி என்னும் குர்திய மொழியில் இருப்பவை. ஆகவே சிறுவன் ஒருவன் சொற்களோடு பொருளையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது. இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டிவிட்டோம். ஒரு முதிய கவ்வாலின் நினைவிலிருப்பதை அவருக்குப் பின் எந்தக் கொத்தனாராலும் கட்ட முடியாது. மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறோம். பெற்றோர் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்ப வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாடல்களை ஒலிப்பதிவு செய்வதில் கருத்து வேறுபாடு உண்டு. வாய்வழியாகவே வந்த புனிதச் சொல் கண்டவர் கைக்குப் போகக்கூடாது என்ற பெரியவர்களின் கவலை நியாயமானது. பாடுபவர் சம்மதித்தால் மட்டுமே பதிவு, அதுவும் கற்பிக்க மட்டுமே என்று குழு முடிவெடுத்திருக்கிறது. இதற்கு உங்கள் ஒப்புதல் தேவை.

எரிந்த தோப்புகளில் ஆலிவ் கன்று நடும் பணி தொடர்கிறது. எண்ணெய், சோப்பு, ஊறுகாய் ஆகியவைதான் நம் ஊரின் பெயரை மோசூல் சந்தையில் நிறுத்தியவை. கன்றுகள் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றுவதில் முறை தவறக்கூடாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்