வெட்டுத்துண்டுக் கடையில் சொல்லித்தந்த அக்காவுக்கு நன்றி

கொழும்புப் புறக்கோட்டையில் வெட்டுத்துண்டு பொறுக்கும்போது, துண்டுத்துணிகளை இணைத்துக் குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைப்பதை நின்று நிதானமாக விளக்கிய, பெயர் தெரியாத அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.

வரிசைக்கு மூன்றாக ஒன்பது சதுரம், ஒவ்வொன்றும் 4½ அங்குலம். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் ஒன்பதையும் இணைத்து முடிய பக்கத்துக்கு 12½ அங்குலம் வரவேண்டும். அந்தக் கால் அங்குலத்தில் அரைக்கால் (⅛ அங்குலம்) கூடினாலே வரிசைக்கு அரை அங்குலம் குறையும், மூலைகள் சந்திக்காது. அயர்ன் பெட்டியை வைத்து வைத்துத்தான் எடுக்கவேண்டும். இழுத்தால் துணி கோணும். பத்திக்கை (மெழுகு வைத்துச் சாயமிட்ட துணியை) வெட்டமுன் கழுவி, சாயம் போகுதா என்று ஈரத்தோடு வெள்ளைத்துணியில் தேய்த்துப் பார்க்கவேண்டும். சிவப்புக்குக் கட்டாயம்!

டிசைனுக்கு இணையத்தில் அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் குயில்ட்டுகளைத் தேடச் சொன்னீர்கள். பழைய வேலை உடுப்புகளில் தைத்தவை. கோடு வளைந்தாலும் எவ்வளவு அழகு! 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தவையாம். இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கோ அக்கா.