வளர்ந்த நாய்க்கும் வீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்துவருகிறேன். காப்பகங்களில் உள்ள வளர்ந்த நாய்களைத் தத்தெடுக்க ஆளில்லை என்பது அவற்றில் அதிகம் பேசப்படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, பேத்தி ஆசைப்பட்டாள் என்று குட்டி நாய் ஒன்றை எடுத்துவர ஊருக்கு வெளியே உள்ள காப்பகம் ஒன்றுக்குச் சென்றோம். குட்டிகள் இருந்த கூண்டின் முன் ஐந்தாறு பேர் நின்றிருக்க, எதிர்ப்பக்கம் நான்கு வயதுச் செவலைப் பெட்டை நாய் ஒன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. "பெரிய நாய் ஒட்டாதுன்னு எல்லாரும் குட்டியத்தாம்மா கேக்குறாங்க. இது வந்து ரெண்டு வருசமாச்சு" என்றார் அங்கே வேலை பார்த்தவர். அதையே அழைத்துவந்தோம்.

முதல் பத்து நாட்கள் சிரமமாகத்தான் இருந்தன. மாடிப்படிக்கு அடியிலிருந்து அது வெளியே வரவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் சோற்றில் வாய் வைத்தது. வாசல் பெருக்க விளக்குமாற்றை எடுத்தாலே நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். விளக்குமாற்றை அதன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினோம். தொடாமல், கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் இருந்தோம். பதினோராம் நாள் மாலை, மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த என் பாதத்தின் மேல் தானாக வந்து தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. "பழக மாட்டேன் என்கிறது" என்று மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு என்று காப்பகத்தில் கேள்விப்பட்டபோது, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மனம் ஆறவில்லை.

குட்டியை எடுத்தால் பார்வோ போன்ற நோய்களுக்கு ஆறேழு வார வயதிலிருந்து தவணை தவணையாகத் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு கருத்தடை என்று அலைய வேண்டும். வளர்ந்தபின் அதன் குணம் எப்படியிருக்கும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. எங்கள் செவலைக்கோ கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டு இருந்தது. அது சாதுவா, பிள்ளைகளோடு பழகுமா என்பதைக் காப்பகத்தாரே சொல்லிவிட்டார்கள். இனி ஆண்டுக்கொரு முறை ரேபிஸ் ஊசி தவறக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: தீபாவளி நெருங்கும்போது புதிதாக எந்த நாயையும் வீட்டுக்கு அழைத்துவராதீர்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால், திரும்பிவர அதற்கு வழி தெரியாது.

தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த நிபந்தனை மிகவும் சரியானது. ஆசைக்கு எடுத்த பெட்டைக் குட்டி பருவத்துக்கு வந்ததும் கருத்தடை செய்யாமலே தெருவில் விடப்படுவதை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன்.

தங்கள் மதுரைப் பதிப்பில் வாரம் ஒருமுறை, காப்பகங்களில் உள்ள வளர்ந்த நாய் ஒன்றின் படத்தை, அதன் வயதும் குணமும் குறித்து நான்கு வரியோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருநகர், மதுரை.