ஓ.எம்.ஆர். அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு, கண்ணாடி துடைப்பவன் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

பெருங்குடியில் தொடங்கி கேளம்பாக்கம் வரை உங்கள் கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைப் பதினோரு வருடமாகத் துடைத்து வருகிறேன். நானும் நான்கு பையன்களும். கம்பெனி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டாடா ஏஸ் வண்டி, கயிறுகள், வாளிகள், என் பெயரில் ஒரு ஜிஎஸ்டி எண், அவ்வளவுதான். உங்களில் பலருக்கு என்னை நேரிலேயே தெரியும். கொட்டேஷன் எப்படி வாங்குகிறீர்கள், கமிட்டியில் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்பதும் இரு தரப்புக்கும் தெரிந்ததுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த வாரம் சோழிங்கநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு சங்கத்தின் போன். "உங்க ரேட் முப்பத்தஞ்சாயிரம் அதிகமா இருக்கு. இன்னொருத்தர் ஒண்ணு இருபத்தொண்ணுக்கு முடிச்சுத் தரேங்கிறார். பழகின ஆள்னு கேக்கறோம், அந்த ரேட்டுக்கு வர முடியுமா?"

நான் கொடுத்திருந்த கணக்கு இது. 22,000 சதுர அடி, அடிக்கு 6 ரூபாய், ஆக 1,32,000. அதற்கு 18% ஜிஎஸ்டி 23,760. மொத்தம் 1,55,760. அந்த இன்னொருவர் அடிக்கு ஐந்தரை ரூபாய் போட்டு 1,21,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வரி இல்லை, பில்லும் இல்லை. அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்தால் 34,760 ரூபாய் வித்தியாசம், உண்மைதான். ஆனால் அதில் 23,760 ரூபாய் என் கைக்கு வந்து அப்படியே அரசாங்கத்துக்குப் போகிற பணம். எனக்கும் அவருக்கும் நடுவே நிஜமாக இருப்பது 11,000 ரூபாய்தான். அந்த 11,000 எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒப்பிடுங்கள், தாராளமாக ஒப்பிடுங்கள். ஆனால் வரிக்கு முந்தைய தொகையை வரிக்கு முந்தைய தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கயிறு கட்டுபவனை, இரண்டு கயிறு கட்டுபவனோடு ஒப்பிடுங்கள்.

வரி போடாத எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான். தனியாளாக ஏணி வைத்து வீட்டு ஜன்னல் துடைப்பவர் குறைவாகக் கேட்டால் அது நியாயம். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன்தான். அப்புறம் துரைப்பாக்கத்தில் ஒரு ஐடி அலுவலகக் கட்டட வேலை கிடைத்தது. ஜிஎஸ்டி எண் இல்லாமல் உள்ளேயே விடமாட்டோம் என்றார்கள். எடுத்தேன். அவர்களுக்கு அந்த 18% பாரமே இல்லை, தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். உங்களுக்கு அப்படிக் கழிக்க வழியில்லை. பராமரிப்புக் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்குள் இருக்கும் சங்கம் வரி வசூலிப்பதில்லை, அதனால் கொடுத்த வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை.

"6% திட்டத்துக்கு மாறிக்கலாமே" என்று உங்கள் ஆடிட்டர் ஒருவர் என்னிடம் சொன்னார். 50 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள சேவைக்காரர்களுக்கு 2019 ஏப்ரலில் வந்த திட்டம் அது. அதில் சேர்ந்தால் பில்லில் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது, அந்த 6 சதவீதத்தை என் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஐடி கம்பெனிகளும் வரியைக் கழித்துக்கொள்ள முடியாத பில் வேண்டாம் என்பார்கள். அந்த வேலை போனால் வருடத்தில் ஐந்து மாதம் பையன்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. உங்களுக்காக மாறினால் அவர்கள் போய்விடுவார்கள், அவர்களுக்காக இருந்தால் நீங்கள் போய்விடுகிறீர்கள்.

எனக்குக் கோபம் வேறு ஒருவர் மீது. 20 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டு, ஒரு வேலையைத் தன் பெயரிலும் அடுத்ததைத் தம்பி பெயரிலும் அதற்கடுத்ததை மனைவி பெயரிலும் துண்டு துண்டாக எழுதி, பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, "வரி இல்லாம பண்ணித் தரேன் சார்" என்று உங்கள் வாசலில் வந்து நிற்கிறாரே, அவர் மீது. அவருக்குத் தொழிலில் என்னைவிட எந்தத் திறமையும் கூடுதல் இல்லை. கட்ட வேண்டியதைக் கட்டாததுதான் அவருடைய மலிவு விலை.

பில் போடுவதால் எனக்கு என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு பில்லை வைத்துச் சொல்கிறேன். போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் மேலே சொன்ன அதே குடியிருப்பில் கிளப் ஹவுஸும் லிஃப்ட் டவரும் துடைத்துக் கொடுத்தேன். 64,000 ரூபாய் வேலை. வரி 11,520. வேலை முடிந்த அன்றே பில் கொடுத்தேன். பணம் வரவில்லை. பையன்களுக்குக் கூலியும் போனஸும் தீபாவளிக்கு முன்பே கொடுத்தாக வேண்டும், கொடுத்தேன். நவம்பர் 20ஆம் தேதியும் நெருங்கியது, பணம் மட்டும் வரவில்லை. பில் போட்டுவிட்டால், பணம் கைக்கு வந்ததோ இல்லையோ, அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்ட வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரித் தொகைக்கு வருடம் 18% வட்டி. வட்டியைவிடப் பெரிய பயம் வேறு. நான் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் ஐடி கம்பெனிக்கு அவர்களுடைய வரிக்கழிவு நின்றுபோகும், எனக்கு அந்த வேலையும் நின்றுபோகும்.

19ஆம் தேதி இரவு என் மனைவி எதுவும் கேட்காமல் காதிலிருந்து தோட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். மறுநாள் காலை கடை திறந்ததும் 12,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன், இரண்டு வட்டி. பதினோரு மணிக்குள் வரி கட்டி முடித்தேன். நீங்கள் எனக்குத் தராத பணத்துக்கு, உங்கள் சார்பில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியை, என் வீட்டுத் தோட்டை வைத்துக் கட்டினேன். இதை மிகைப்படுத்தி எழுதவில்லை. அடகுச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சிறுதொழில்காரருக்கான உத்யம் பதிவும் வைத்திருக்கிறேன். ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த வருடம் எந்தச் சங்கமும் என்னைக் கூப்பிடாது. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரியும்.

அந்தத் தீபாவளிப் பில்லுக்கான காசோலையை வாங்கத்தான் ஜனவரிக் கடைசியில் மூன்றாவது முறையாக அங்கே போனேன். "ட்ரஷரர் ஊரில் இல்லை" என்றார்கள். திரும்பும்போது அண்ணாந்து பார்த்தேன். 1,21,000 ரூபாய்க்கு எடுத்தவரின் ஆள் பதினோராவது மாடிக் கண்ணாடி முன் தொங்கிக்கொண்டிருந்தான். ஒரே கயிறு.

லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போனேன். கயிறு சோலார் ஹீட்டரின் இரும்புக் காலில் கட்டியிருந்தது. கட்டட வேலைக்குப் பொருள் ஏற்றுகிற நைலான் கயிறு. கைப்பிடிச் சுவரின் முனையில் சாக்கு, ரப்பர் எதுவும் வைக்கவில்லை. சிமெண்ட் விளிம்பில் கயிறு நேராக உரசிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். உரசிய இடத்தில் இழைகள் பூனை முடி மாதிரி எழுந்து நின்றன. அவன் கீழே வைப்பரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கயிறு ஒரு விரல்கடை அளவு அங்குமிங்கும் நகர்ந்தது. மேலே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

கீழே ஓடி வண்டியிலிருந்து என் கயிற்றையும் கிளிப்பையும் எடுத்து வந்தேன். லிஃப்ட் ரூம் தூணில் கட்டி, விளிம்பில் ரப்பர் போட்டு இறக்கி, அவனைக் கூப்பிட்டு இடுப்பு பெல்ட்டில் மாட்டச் சொன்னேன். பத்தொன்பது வயது இருக்கும். ஊர் ஒடிசா என்று அப்புறம் சொன்னான். ஏன் என்று கேட்கவே இல்லை, மாட்டிக்கொண்டான். உங்கள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அது கான்ட்ராக்டர் பொறுப்பு சார், நாங்க எழுதி வாங்கியிருக்கோம்" என்றார். மாலை அவன் வேலை முடித்து இறங்கிய பிறகு என் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் அவனுக்கு அங்கேதான் வேலை. மறுநாள் இரண்டாவது கயிற்றுக்கு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு தூங்கவில்லை.

சரி, அந்த 11,000 ரூபாய்க்கு வருகிறேன். என் ஆட்களுக்கு எப்போதும் இரண்டு கயிறு. ஒன்றில் உட்கார்ந்து வேலை செய்வது, இன்னொன்று வேறொரு பிடிமானத்தில் கட்டி உயிருக்கு. இந்தப் பக்கத்து வெயிலும் கடல் உப்புக்காற்றும் கயிற்றை உள்ளுக்குள் தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நல்ல கயிறாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுகிறேன். மொட்டை மாடியில் ஒருவர் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் ஒரு சதுர அடிகூடத் துடைப்பதில்லை, ஆனால் அவருக்கும் முழுக் கூலி. நான்கு நாள் வேலைக்கு அதுவே 4,000 ரூபாய். பையன்கள் நான்கு பேருக்கும் விபத்துக் காப்பீடு. கடைசியாகக் கழுவ போர் தண்ணீர் விடாமல் ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்குகிறேன், இல்லையென்றால் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு நிற்கும். அந்தத் திட்டை எடுக்கிறேன் என்று சிலர் ஆசிட் அடித்து, கண்ணாடி பால் ஊற்றியது போல மங்கிப்போன பிறகு எனக்குப் போன் செய்கிறீர்கள். அதற்கு மேல் நானும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

"அந்த ரேட்டுக்கு வர முடியுமா" என்று நீங்கள் கேட்கும்போது இவற்றில் எதை விடச் சொல்கிறீர்கள்? வரியை விட்டால் நான் குற்றவாளி. கயிற்றை விட்டால் ஒரு தாய்க்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி வரம்பை 2019இல் 40 லட்சமாக உயர்த்தினார்கள். உழைப்பை விற்பவனுக்கு 2017இல் வைத்த 20 லட்சமே நிற்கிறது. கூலி ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது, அந்த வரம்பு மட்டும் அசையவில்லை. கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். என் செலவில் முக்கால்வாசி கூலி. கூலியில் எந்த வரியைக் கழிப்பது? ஆயிரம் பேர் வைத்து நடத்தும் பெரிய பராமரிப்பு நிறுவனத்துக்கும் 18%, நான்கு பேரோடு தொங்குகிற எனக்கும் 18%. ஆனால் இதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, உங்களிடம் கொட்டியதற்கு மன்னியுங்கள்.

உங்கள் கையில் இருப்பதைத்தான் பணிவாகக் கேட்கிறேன். கொட்டேஷன் கேட்டு அனுப்பும் தாளில் சில வரிகள் சேருங்கள். வரி நீங்கலான தொகையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், அதை வைத்தே ஒப்பிடுங்கள். வரி இல்லை என்பவரிடம், இந்த வருடம் 20 லட்சம் தாண்டவில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு எத்தனை கயிறு, எதில் கட்டுவீர்கள், மேலே நிற்பவர் யார் என்று கேளுங்கள். வேலை நடக்கும் முதல் நாள் காலையில் உங்களில் ஒருவர் மொட்டை மாடிக்கு வந்து கயிறுகளை எண்ணிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் என்னைவிடக் குறைவாகக் கொடுத்தால் அவருக்கே கொடுங்கள். நான் அவரிடம் போய்த் தொழில் கற்றுக்கொள்கிறேன்.

பில் கொடுத்த 45 நாளுக்குள் பணம் தாருங்கள். அது முடியாவிட்டால் வரித் தொகையை மட்டுமாவது அடுத்த மாதம் 20ஆம் தேதிக்கு முன் தந்துவிடுங்கள். பில் தொகையில் 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பவர்கள் அதை மறக்காமல் என் பான் எண்ணில் கட்டிவிடுங்கள். போன வருடம் இரண்டு சங்கங்கள் பிடித்த தொகை இன்னும் என் கணக்கில் ஏறவில்லை.

சோழிங்கநல்லூர்ச் சங்கத்தின் காசோலை பிப்ரவரி முதல் வாரம் வந்துவிட்டது, நன்றி. அடுத்த சுற்று மழைக்கு முன்பா பின்பா என்று இப்போதே சொல்லிவிட்டால் நாளை ஒதுக்கி வைக்கிறேன். ரேட் அதே 6 ரூபாய்தான்.

இப்படிக்கு,
பில் போட்டு, இரண்டு கயிறு கட்டி வேலை செய்யும் ஒரு கண்ணாடி துடைப்பவன்,
துரைப்பாக்கம்