மலைப் பள்ளிக்கு மார்ச் 31 ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழக நிதிநிலை அறிக்கையில் 2024-25இல் பள்ளிக்கல்வித் துறைக்கு ரூ.44,042 கோடி, 2025-26இல் ரூ.46,767 கோடி. தொகை கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதில் நீலகிரிக்கு எவ்வளவு என்று நிதிநிலை அறிக்கையைப் புரட்டினால் விடை கிடைக்காது. சட்டமன்றம் மாவட்டவாரியாகப் பணம் ஒதுக்குவதில்லை. துறைவாரியாக, ஒவ்வொரு துறையும் கேட்கும் தொகைக்கு மானியக் கோரிக்கை எண் போட்டு ஒதுக்குகிறது. பள்ளிக்கல்விக்கு எண் 43. அதில் பெரும்பகுதி ஊதியமாகவே போய்விடும்.

மலைப் பள்ளிகளுக்கான பணம் அந்த 43க்குள் மட்டும் இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையின் எண் 4இல் தேட வேண்டும். சத்துணவுக்கு எண் 45. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கட்டடம் என்றால் பல நேரம் ஊரக வளர்ச்சித் துறையின் எண் 42. பிளஸ் 1 மாணவர்களுக்கான சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையிலிருந்து வருகிறது. (கோத்தகிரி ஏற்றத்தில் அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.) ஆகவே 43ஐ மட்டும் பார்த்துவிட்டு "கொடுத்தார்கள்", "கொடுக்கவில்லை" என்று பேசுவது அரைக் கணக்கு.

இங்கே உண்மையில் அடிபடுவது கட்டடப் பணிகள்தான். அதற்குத் தொகையை விடத் தேதிதான் காரணம்.

அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு கீழ்நிலை அலுவலகங்களிலிருந்து முந்தைய ஆண்டே கிளம்புகிறது. புதிய பணிகள் 'பகுதி-II' எனப்படும் புதிய திட்டப் பட்டியலில் நிதித் துறைக்குப் போகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் நிதிநிலை அறிக்கை. பிறகு மானியக் கோரிக்கை மீது விவாதம், வாக்கெடுப்பு, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு, ஆளுநர் ஒப்புதல். அதோடு பணம் வந்துவிட்டதாக நினைப்பது தவறு. அரசாணை வர வேண்டும். அதன்பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். ரூ.2 கோடி வரையிலான பணிக்கு டெண்டருக்கே குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். எல்லாம் தடங்கலின்றி நடந்தாலும் ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போடும்போது செப்டம்பர் ஆகிவிடும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இது சமாளிக்கக்கூடியதுதான். அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்க்கும். அக்டோபருக்குப் பிறகு வேலை பார்க்கலாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். கொடைக்கானல் மலையிலும் அப்படித்தான். அந்த மாதங்களில் சரிவில் அஸ்திவாரம் தோண்டினால் இன்று வெட்டிய மண் நாளை குழிக்குள்ளேயே திரும்பி இறங்கிவிடும். ஆக ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என மூன்றே மாதம். நிதியாண்டு முடியும் மார்ச் 31 தாண்டினால் செலவாகாத தொகை அரசுக்கே ஒப்படைக்கப்படும். பள்ளிக்கூடத்தில் மிஞ்சுவது பாதி எழும்பிய தூண்கள்.

தேர்தல் ஆண்டில் நிலைமை இன்னும் மோசம். 2021இல் பிப்ரவரியில் வந்தது இடைக்கால நிதிநிலை அறிக்கை. திருத்திய அறிக்கை வந்தது ஆகஸ்ட் 13இல். அந்த அறிக்கையை நம்பியிருந்த புதிய பணி எதுவும் கோத்தகிரியில் மழைக்கு முன் தொடங்கியிருக்க வழியே இல்லை.

இன்னொரு கோளாறு மதிப்பீட்டிலேயே இருக்கிறது. வகுப்பறைக்கு ஒரே மாதிரி வரைபடம், ஒரே அலகுத் தொகை என்று போட்டால் அது சமவெளிக்குத்தான் பொருந்தும். இங்கே கட்டடத்துக்கு முன் தடுப்புச் சுவர் வேண்டும், மேல்பக்கம் மழைநீர் வாய்க்கால் வேண்டும். மணலும் ஜல்லியும் மலையேறி வர வேண்டும். லாரி நிற்கும் சாலையிலிருந்து பள்ளிவரை தலைச்சுமைக் கூலி தனி. இவை மதிப்பீட்டில் விடுபட்டால் டெண்டர் எடுக்க ஆள் வராது. மறு டெண்டர் விடுவார்கள். அதற்குள் மழை வந்துவிடும்.

பராமரிப்புக்கும் இதே கதை. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000. இதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. எஸ்டேட் ஓரத்தில் 28 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ரூ.1,000 போக மீதி ரூ.9,000. ஓட்டுக்கூரை ஒழுகுவதும் குழாய் உடைவதும் தலையை எண்ணிக்கொண்டா நடக்கிறது? இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25இல் ஒன்றியப் பங்கு ரூ.2,152 கோடி வராமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது அனைவரும் அறிந்ததே.

இதையெல்லாம் சட்டமன்றத்தில் யார் கேட்பது? மானியக் கோரிக்கை மீது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். "நூறு ரூபாய் குறைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பது தொகையைக் குறைக்க அல்ல, குறையைச் சொல்ல ஒரு வழி. ஆனால் மாபெரும் துறையின் விவாதம் ஓரிரு நாளில் முடிந்துவிடும்போது ஒரு தொகுதியின் தடுப்புச் சுவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? பந்தலூருக்கு அடுத்த வயநாட்டில் இருப்பவர்களின் கேரளச் சட்டமன்றத்தில், 1980 முதல் மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு முன், உறுப்பினர்கள் துறைவாரியாக அமர்ந்து ஆராயும் பொருட்குழுக்களிடம் போகின்றன. அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. மலைப் பள்ளிப் பணிகளுக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே இடத்தைப் பார்த்து, சுவரும் தலைச்சுமையும் சேர்த்த மதிப்பீட்டைத் தயாராக வைத்திருந்தால், அரசாணை வந்த கையோடு டெண்டர் போகும். குன்னூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை நடக்கும். அனுமதியை இரண்டு நிதியாண்டுக்குத் தந்து, மீதித் தொகையை அடுத்த மதிப்பீட்டில் தானாகவே சேர்க்கவும் செய்யலாம்.

உதகமண்டலம், குன்னூர், கூடலூர் உறுப்பினர்கள் மூவரும் அடுத்த கூட்டத்தொடரில் ஒரே ஒரு கேள்வி எழுப்பட்டும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் இம்மாவட்டப் பள்ளிக் கட்டடங்களுக்கு அனுமதித்து, மார்ச் 31இல் ஒப்படைத்த தொகை எவ்வளவு, எந்தெந்தப் பள்ளியில்?

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி